ஆற்றுக்கு இந்தப் பக்கத்துப் பள்ளிக்கூடம்

வெளிநாட்டில் நாலு நெல்லைக்காரர்கள் கூடினால் போதும், பள்ளிக்கூடப் பேச்சு சுலோச்சன முதலியார் பாலத்தைத் தாண்டிப் பாளையங்கோட்டைக்குப் போய்விடும். தென்னிந்தியாவின் ஆக்ஸ்ஃபோர்டு ஆயிற்றே! திருநெல்வேலி டவுனிலேயே படித்த ஆண்களுக்குப் பாரதி இருக்கிறார். அவர் படித்த இந்துக் கல்லூரிப் பள்ளியின் பெயரைச் சொன்னாலே காலரைத் தூக்கிவிட்டுக்கொள்வார்கள். நம் பழைய மாணவிகள் சங்கத்தில் இருக்கும் நமக்கு இரண்டும் கிடையாது. ரத வீதிகளை ஒட்டிய முனிசிபாலிட்டி பெண்கள் பள்ளி, அவ்வளவுதான். 1994-ல் திருநெல்வேலி மாநகராட்சி ஆனதும் பள்ளியின் பெயர்ப்பலகை மாறியது. என் வாயில் இன்னும் முனிசிபாலிட்டி ஸ்கூல்தான் வருகிறது.

எண்பதுகளில் எங்கள் வகுப்பில் நகைப்பட்டறைக்காரர் மகள், கோயில் வாசலில் பூக்கட்டி விற்பவர் மகள், பேட்டையிலிருந்து நடந்தே வரும் பிள்ளைகள் எல்லாரும் ஒரே பெஞ்சில் இடித்துக்கொண்டு உட்கார்ந்தோம். என் பக்கத்தில் இருந்தவளின் அப்பா ஒரு லாலா கடையில் அல்வா கிண்டுபவர். கோதுமைப் பால் திரண்டு நெய் பிரிந்து வரும்வரை கரண்டியை நிறுத்தக் கூடாதாம். அவர் உள்ளங்கை காய்த்துப்போய் இருக்கும் என்பாள். பெற்றோர் கையெழுத்து வாங்கிவரச் சொன்னால் அவள் ரிப்போர்ட் கார்டின் ஓரத்தில் நெய் படிந்திருக்கும். டீச்சர் அதை மோந்து பார்த்துவிட்டு, “இது அசல் கையெழுத்துதான்ட்டி” என்பார். மத்தியானம் சத்துணவு. தட்டை வீட்டிலிருந்து கொண்டுவர வேண்டும்; தட்டு எடுத்துவர மறந்தவள் கூட்டாளியோடு பங்கு போட்டுக்கொள்வாள்.

நம் பள்ளிக்கு ஆய்வுக்கூடம் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. ஆனால் கோயில் இருந்தது. வரலாற்று டீச்சர் ஒருநாள் எங்களை இரண்டு இரண்டு பேராகக் கைகோத்து நடத்திக் கூட்டிப்போய்ச் சங்கிலி மண்டபத்தில் உட்கார வைத்தார். நெல்லையப்பர் கோயிலும் காந்திமதி அம்மன் கோயிலும் முன்பு தனித்தனியாக இருந்தன. 1647-ல் வடமலையப்ப பிள்ளையன் கட்டிய இந்த மண்டபம்தான் இரண்டையும் சேர்த்தது என்று சொல்லிவிட்டு, “இந்த மண்டபம் இல்லன்னா மழைக்கு நனைஞ்சுக்கிட்டேதான் அம்மன் சந்நிதிக்கு ஓடணும்” என்றார். பரீட்சையில் அந்தக் கேள்வி வரவில்லை. ஆனால் 1647 மறக்கவே மறக்காது.

ஆனித் திருவிழா என்றால் பாடமெல்லாம் அரைகுறைதான். பள்ளி திறந்து புதுப் புத்தகத்துக்கு அட்டை போட்டு முடிப்பதற்குள் கொடி ஏறிவிடும். தேரன்று உள்ளூர் விடுமுறை. சில வருஷம் சுவாமி தேர் அன்றைக்கே நிலைக்கு வராமல் வீதியில் நின்றுவிடும். மறுநாள் வகுப்பில் உட்கார்ந்திருக்கும்போது ‘ஓ’வென்று சத்தம் கேட்கும். வடம் இழுக்க ஆரம்பித்துவிட்டார்கள்! எல்லாத் தலையும் ஜன்னல் பக்கம் திரும்பும். கணக்கு டீச்சர் போர்டிலிருந்து கண்ணை எடுக்காமலே, “தேர் எங்கட்டி ஓடிறப் போவுது? அது வந்து சேரதுக்குள்ள ரெண்டு கணக்குப் போட்டுரலாம்” என்பார். தடி போடுகிறவர்கள் சக்கரத்தைத் திருப்புவதைப் பார்த்துவிட்டுத்தான் அவர் நெம்புகோல் கணக்கே எங்களில் பாதிப் பேருக்குப் புரிந்தது. கணக்கு டீச்சரே அறிவியலும் எடுத்த காலம் அது.

அப்புறம் காந்திமதி யானை. நாங்கள் படித்தபோதுதான் கோயிலுக்கு வந்தது. காலையில் மணிச்சத்தம் கேட்டால் பிரேயரில் வரிசை கலையும். 2025 ஜனவரியில் அது இறந்தபோது நம் வாட்ஸாப் குழுவில் வந்த செய்திகளைப் பார்த்தேன். எந்தத் தலைவர் போனபோதும் இத்தனை பேர் எழுதியதில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போன சங்கக் கூட்டத்தில் நம் நினைவாகப் பள்ளி வாசலில் ஒரு வளைவு கட்டிக்கொடுக்கலாம் என்று பேச்சு வந்தது. எனக்கு இதில் சம்மதம் இல்லை. டவுனுக்கு ஏற்கெனவே ஓர் ஆர்ச் இருக்கிறது. நாம் படித்த காலத்தில் கழிப்பறைக்குப் பயந்து காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் இருந்தவர்கள் இந்தக் குழுவிலேயே நிறையப் பேர் இருக்கிறோம். இதை யாரும் சங்க மலரில் எழுதுவதில்லை. இப்போது அங்கே என்ன நிலைமை என்று தலைமையாசிரியையிடம் கேட்போம். குழாய், கதவு, தினமும் கழுவ ஓர் ஆளுக்குச் சம்பளம், எது குறைகிறதோ அதற்கு முதலில் பணம் போகட்டும். அடுத்த மாதம் ஊருக்குப் போகிறேன். பட்டியலை நானே வாங்கி வருகிறேன். யார் யார் எவ்வளவு தருவீர்கள் என்று அதற்குள் பொருளாளரிடம் சொல்லிவிடுங்கள்.