வாய்ஸ் டெஸ்ட் தேதி வரும்வரை

மே 19
விமானங்களை ரேடியோவில் வழிநடத்தும் கன்ட்ரோலர் வேலைக்கு வாய்ஸ் டெஸ்ட். அதன் தேதி சொல்லும் மெயில் இன்றும் இல்லை. ஸ்பேம் வரைக்கும் பார்த்தாயிற்று.

மே 20
அப்பாவை ஐசியூவிலிருந்து வார்டுக்கு மாற்றினார்கள். ஃபேன் சுற்றுகிறது, காற்றுதான் வரவில்லை. மேலூர்ச் சித்தப்பா இளநீர் கொண்டுவந்தார். அப்பாவுக்கு இன்னும் வாய்வழி எதுவும் தரக் கூடாதாம். நானும் அம்மாவும் குடித்தோம்.

மே 22
ராத்திரி வராந்தாவில் உட்கார்ந்து டெனரீஃப் விபத்தை மறுபடி படித்தேன். 1977 மார்ச் 27. ஸ்பெயினின் தீவு அது. ஒரே ஓடுபாதையில் இரண்டு 747 விமானங்கள் மோதின, ஒன்று டச்சு நிறுவனம் கேஎல்எம், இன்னொன்று அமெரிக்காவின் பான் ஆம். 583 உயிர்கள். எல்லோரும் கேஎல்எம் கேப்டனின் அவசரம் என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள். பணிநேர வரம்பு நெருங்கிக்கொண்டிருந்தது, அவருக்கு அவசரம் இருந்ததும் உண்மைதான். ஆனால் என் மண்டைக்குள் சுற்றுவது அந்த விசில் சத்தம். கேஎல்எம் 'இப்போது டேக்ஆஃபில் இருக்கிறோம்' என்கிறது. கன்ட்ரோலர் இருக்கும் டவர் 'ஓகே' என்கிறது. சின்ன இடைவெளி. அப்புறம்தான் 'காத்திருங்கள், நான் கூப்பிடுகிறேன்' என்று வருகிறது. அதே நேரம் பான் ஆமும் 'நாங்கள் இன்னும் ஓடுபாதையில்தான் போய்க்கொண்டிருக்கிறோம்' என்று சொல்கிறது. ஒரே அலைவரிசையில் இரண்டு பேர் சேர்ந்து பேசினால் விமான ரேடியோவில் கீச்சென்று ஒரு சத்தம்தான் மிஞ்சும். கேஎல்எம் காக்பிட்டில் தெளிவாக விழுந்தது அந்த 'ஓகே' மட்டும்.

அன்றைக்கு மூடுபனி. டவரிலிருந்து இரண்டு விமானமும் தெரியவில்லை, தரை ரேடாரும் கிடையாது. ஆனாலும் கேஎல்எம் ஓட ஆரம்பித்த பிறகுகூட அதன் ஃப்ளைட் இன்ஜினியர் கேட்டிருக்கிறார், அந்த பான் ஆம் இன்னும் விலகவில்லையா என்று. கேப்டன் அழுத்தமாக 'விலகியாச்சு' என்கிற மாதிரி பதில் சொன்னார். இன்ஜினியர் அதற்கு மேல் கேட்கவில்லை.

மே 23
ஏன் கேட்கவில்லை?

மே 24
ரவுண்ட்ஸ். பெரிய டாக்டர் முன்னால், மற்றவர்கள் பின்னால், கையில் ஃபைலோடு.
'எப்படி இருக்கீங்க?'
'பரவால்லைங்க சார்.'
ராத்திரி ரெண்டு மணிக்குக் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு பல்லைக் கடித்த மனிதர் இவர்தான். டாக்டர் அதை அப்படியே எழுதச் சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். அவர்மேல் என்ன குற்றம்?

சாயங்காலம் சிஸ்டர் வந்து அம்மாவிடம் ஏதோ விளக்கினார். அம்மா 'சரிங்க சிஸ்டர், சரிங்க சிஸ்டர்' என்று தலையாட்டியது. அவர் போனதும் என்ன சொன்னார் என்று கேட்டேன். 'என்னத்தையோ சொன்னுச்சு, நீ போய்க் கேட்டுட்டு வா.'

மே 26
சர்க்கி தாத்ரி. 1996 நவம்பர் 12, டெல்லிக்கு மேற்கே இரண்டு விமானங்கள் நடுவானில் மோதிய இடம். சவூதி விமானத்துக்கு 14,000 அடி, எதிரே இறங்கி வரும் கஜகஸ்தான் விமானத்துக்கு 15,000 அடி. டெல்லியில் அன்றிருந்த ரேடார் திரையில் புள்ளிதான் தெரியும், உயரம் தெரியாது. உயரம் தெரிய வேண்டுமென்றால் விமானி வாயால் சொல்ல வேண்டும். கஜகஸ்தான் விமானத்திலிருந்தும் சொன்னார்கள்: 15,000 அடிக்கு வந்துவிட்டோம் என்று. எதிரே 14,000-இல் ஒரு விமானம் வருகிறது என்று கன்ட்ரோலர் தூரத்தோடு எச்சரித்தார். பார்க்கிறோம் என்று பதிலும் வந்தது. ஆனால் அந்த விமானம் இறங்கிக்கொண்டே இருந்தது.

அந்த விமானத்தில் கன்ட்ரோலரோடு பேசியது விமானிகள் இல்லை, தனியாக ஒரு ரேடியோ ஆபரேட்டர். அவர் முன்னால் உயரமானி கிடையாது. விமானியின் தோளுக்கு மேலாக எட்டித்தான் பார்க்க வேண்டும். 349 பேர். ஒருவரும் மிஞ்சவில்லை. கன்ட்ரோலர் செய்ய வேண்டியது எல்லாம் செய்திருந்தார். நாளைக்கு நான் அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் இதைவிட என்ன செய்துவிடுவேன்? மெயில் வராவிட்டால் நல்லது என்று ஒரு நிமிஷம் தோன்றியது.

மே 27
வரட்டும். வரத்தான் வேண்டும்.

மே 28
தூக்கம் இல்லை. அவியான்கா 52, கொலம்பியா நாட்டு விமானம். 1990 ஜனவரி 25, நியூயார்க். வானத்தில் ஒரு மணி நேரத்துக்கு மேல் வட்டமடிக்க வைத்திருக்கிறார்கள், டேங்க் காலியாகிக்கொண்டிருக்கிறது. துணை விமானி முன்னுரிமை கேட்டார். எரிபொருள் தீர்கிறது என்றும் சொன்னார். அவசரநிலை என்று மட்டும் அறிவிக்கவே இல்லை. சொன்னாயா, சொன்னாயா என்று கேப்டன் ஸ்பானிஷில் கேட்கிறார், சொல்லிவிட்டேன் சார் என்கிறார் இவர். முதல் தடவை இறங்க முடியாமல் மேலே போன பிறகு கன்ட்ரோலர் கேட்கிறார்: 15 மைல் வடகிழக்கே கூட்டிப்போய்த் திருப்புகிறேன், உங்களுக்கும் உங்கள் எரிபொருளுக்கும் பரவாயில்லையா? துணை விமானியின் பதில்: பரவாயில்லை என்றுதான் நினைக்கிறேன், மிக்க நன்றி.

மிக்க நன்றி!

லாங் ஐலண்டில் விழுந்தது. 73 பேர் இறந்தார்கள். தீப்பிடிக்கவில்லை, எரிய எண்ணெய் ஏது? இப்போதெல்லாம் 'மினிமம் ஃப்யூயல்' என்றால் தாமதம் தாங்காது, 'மேடே ஃப்யூயல்' என்றால் உயிர்ப் பிரச்சினை என்று சொற்களைப் பிரித்து வைத்திருக்கிறார்கள். ரொம்ப நல்லது. பெரியவர்களிடம் குரலை உயர்த்தக் கூடாது என்று வளர்ந்தவன் வாயிலிருந்து அந்தச் சொல் வர வேண்டுமே.

மே 29
ரவுண்ட்ஸில் நானே சொல்லிவிட்டேன். அப்பா 'பரவா' என்று ஆரம்பிக்கும்போதே குறுக்கே விழுந்து: 'ராத்திரி ரெண்டிலிருந்து நாலு வரை வலி, தையலுக்குக் கீழே, வலது பக்கம், காய்ச்சலும் இருந்துச்சு.' டாக்டர் நின்று கையை வைத்து அமுக்கிப் பார்த்தார். அப்பா கத்திவிட்டார். ஸ்கேன் எழுதினார். போனில் ஒரு மருந்தும் சொன்னார். அந்தப் பக்கம் சிஸ்டர், மருந்தின் பெயர், அளவு, நேரம் எல்லாவற்றையும், கன்ட்ரோலர் சொன்னதை விமானி ரேடியோவில் திருப்பிச் சொல்கிற மாதிரியே, திருப்பிச் சொல்கிற சத்தம் கேட்டது. டாக்டர் ஒன்றைத் திருத்தினார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது, யாரிடம் சொல்ல?

அப்பா மத்தியானம் வரை என்னோடு பேசவில்லை. 'பெரிய டாக்டரை அப்படியா மறிச்சுப் பேசுவ?'

மே 30
உடுப்பு எடுக்க அவனியாபுரம் வீட்டுக்கு வந்தேன். மொட்டைமாடியில், விமான ரேடியோவில் எண்களை உச்சரிக்கிற விதத்தில் பயிற்சி: ட்ரீ, ஃபவர், ஃபைஃப், நைனர். பக்கத்து வீட்டுப் பெரியம்மா, 'ஆருகிட்ட தாயி பேசுற, போனக்கூடக் காணோம்' என்றது. தலைக்கு மேல் ஒன்று சக்கரத்தை இறக்கிக்கொண்டு பெருங்குடிப் பக்கம் போனது.

மே 31
ஸ்கேன் இன்று இல்லையாம். மெஷின் ரிப்பேர். அம்மாவும் நானும் ஒன்றுமில்லாத விஷயத்துக்குச் சண்டை போட்டோம்.

ஜூன் 1
மெயில் வந்துவிட்டது. சென்னை. ஸ்கேனும் அன்றைக்குத்தான். அப்பாவிடம் சொன்னேன். 'நீ போயிட்டு வா, எனக்கு என்ன' என்கிறார். காய்ச்சல் நூறைத் தாண்டி நிற்கிறது. பாண்டியனில் வெயிட்டிங் லிஸ்ட். ஸ்லீப்பர் தட்கல் 11 மணிக்கு. சித்தப்பா ராத்திரி தங்குவாரா என்று கேட்க வேண்டும், 'பார்ப்போம்' என்றால் விடக் கூடாது