கீழே இரண்டு பல், கையில் எதைக் கொடுப்பது?

‘8 மாதம் முதல்’ என்று பாக்கெட்டில் அச்சடிக்கிறவர்களை வரிசையாக உட்காரவைத்து, பல் படாமல் அந்த பிஸ்கட்டைத் தின்று காட்டச் சொல்ல வேண்டும். நான் தின்று பார்த்தேன். நாக்கில் எவ்வளவு நேரம் ஊறவைத்தாலும் ஓரம்தான் கரைகிறது. நடுப்பகுதி இறுகியே இருக்கிறது. இதைத்தான் என் மகன் கையில் கொடுக்கச் சொல்லி ஊரெல்லாம் ஆலோசனை.

ஆறு மாதத்தில் ஆரம்பித்த கூழும் மசியலும் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தன. எட்டு மாதம் தாண்டியதும் ஸ்பூனைக் கண்டாலே வாயை இறுக்கி மூடிக்கொண்டான். ஆனால் என் தட்டுக்கு மட்டும் கை நீளும். சரி, தானே எடுத்துத் தின்ன ஆசை வந்துவிட்டது, ஃபிங்கர் ஃபுட் கொடுக்கலாம் என்று முடிவெடுத்தேன். எதை, எந்த அளவில் என்று தெரிந்துகொள்ளத்தான் அத்தனை அலைச்சல்.

முதலில் செக்கப்புக்குப் போன இடத்தில் கேட்டேன். வெளியே நல்ல கூட்டம். ‘சாஃப்டா எது வேணும்னாலும் கொடுங்க, வெளியே சார்ட் கொடுப்பாங்க’ என்றார் டாக்டர், அடுத்த குழந்தை உள்ளே வந்துவிட்டது. அந்த சார்ட் பலமுறை நகலெடுத்து மங்கிப்போன ஒரு தாள். பழங்கள், காய்கறிகள், முட்டை, நட்ஸ் என்று பெயர்கள் மட்டும் இருந்தன. எப்படி வெட்டுவது, வேகவைப்பதா பச்சையாகவா என்று ஒரு வார்த்தை கிடையாது. ‘நட்ஸை முழுசா கொடுக்கலாமா, பொடி பண்ணணுமா?’ என்று கவுன்ட்டரில் இருந்தவரிடம் கேட்டேன். தாளைத் திருப்பிக்கூடப் பார்க்காமல், ‘அதுல போட்டிருக்கிறபடி கொடுங்க மேடம்’ என்றார். போட்டிருந்தால் நான் ஏன் கேட்கப்போகிறேன்?

இதற்கு பதில் ஒரே வரிதான். பிரிட்டனின் பொதுச் சுகாதாரச் சேவை 5 வயதுவரை முழு நட்ஸ் கொடுக்கவே கூடாது என்கிறது. பொடியாகவோ, மெலிதாகத் தடவிய நட்ஸ் வெண்ணெயாகவோ ஆறு மாதம் முதலே கொடுக்கலாம். வேர்க்கடலையைத் தள்ளிப்போட்டால் நல்லது என்ற பழைய எண்ணமும் மாறிவிட்டது. 2015இல் வெளியான ஓர் ஆய்வில், அலர்ஜி வர வாய்ப்பு அதிகமுள்ள குழந்தைகளுக்கு முதல் வயதிலேயே வேர்க்கடலை கொடுத்துப் பழக்கியபோது, அந்த அலர்ஜி வெகுவாகக் குறைந்தது. ஆனால் குழந்தைக்குக் கடுமையான கரப்பானோ (எக்ஸிமா என்கிற தோல் அரிப்பு) முட்டை அலர்ஜியோ இருந்தால் டாக்டரிடம் கேட்காமல் தொட வேண்டாம். நட்ஸ் வெண்ணெயை ஸ்பூனோடு வாயில் வைப்பதும் கூடாது. அது மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு இறங்காது.

வீட்டில் மாமியாரின் வாதம் வேறு. ‘ரெண்டு பல்லுதான் வந்திருக்கு, அதுக்குள்ள என்ன அவசரம்? எல்லாப் பல்லும் முளைக்கட்டும்’ என்றார். அரைக்கும் பல் எப்போது வரும் என்று பார்த்தால், முதல் கடைவாய்ப் பல்லே பெரும்பாலும் 13 மாதத்துக்குப் பிறகுதான். கடைசிக் கடைவாய்ப் பல் முளைக்க இரண்டு, இரண்டரை வயது ஆகிவிடும். அதுவரை கூழா? சுத்தமான விரலை அவன் ஈறுக்கு நடுவில் வைக்கச் சொன்னேன். ஒரு கடி கடித்தான். ‘அடேயப்பா’ என்று விரலை உதறிக்கொண்டார், அதற்கப்புறம் பல்லைப் பற்றிப் பேச்சில்லை. நன்றாக வெந்த காயை நசுக்க அந்த ஈறு தாராளமாகப் போதும்.

ஆனால் முன்பல் மட்டும் முளைத்திருக்கும் இந்தக் கட்டத்தில்தான் இன்னொரு தொல்லை. முன்பல் வெட்டும், அரைக்காது. பச்சை கேரட்டையோ ஆப்பிள் துண்டையோ கொடுத்தால் ஒரு சில்லைப் பெயர்த்து வாய்க்குள் எடுத்துக்கொள்ளும், அப்புறம் அதை என்ன செய்வதென்று குழந்தைக்குத் தெரியாது. பல் இரண்டு வந்துவிட்டதே, இனிக் கடித்துத் தின்னுவான் என்று யாராவது சொன்னால் தலையாட்டிவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

அந்த பிஸ்கட்டில் நடந்ததும் இதேதான். ஓரம் ஊறியதும் நடுவில் இருந்து கெட்டியாக ஒரு துண்டு உடைந்து உள்ளே போய்விட்டது. முகம் சிவந்து, கண்ணில் நீர் வந்து, சத்தமாக ஓங்கரித்தான். பக்கத்தில் இருந்த உறவுக்காரர் ஒருவர் உடனே விரலை வாய்க்குள் விட வந்தார். அவர் கையைப் பிடித்து நிறுத்தினேன். நாலு இருமல் இருமி அவனே துப்பிவிட்டான். அவருக்கு இன்னமும் என்மேல் வருத்தம், போகட்டும்.

விரல் விடாமல் தடுத்ததற்குக் காரணம் உண்டு. குழந்தை இருமுகிறது, ஓங்கரிக்கிறது, அழுகிறது என்றால் காற்று போய்வருகிறது என்று அர்த்தம். வந்ததைத் தானே வெளியே தள்ளும், நாம் பக்கத்திலேயே கவனமாக இருந்தால் போதும். பயப்பட வேண்டியது சத்தம் வராதபோது: அழ முடியாது, இருமல் வராது, உதடு நீலம் பாயும். அப்போது ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையை முன்கையில் குப்புறக் கிடத்தி, தலை தாழ்ந்திருக்க, தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையின் அடிப்பகுதியால் 5 தட்டு. போகாவிட்டால் மல்லாத்தி, மார்பின் நடுவில் 5 அழுத்தம். மாற்றி மாற்றிச் செய்துகொண்டே ஆம்புலன்ஸுக்கு ஆள் விட வேண்டும். துண்டு கண்ணுக்குத் தெரிந்தால் மட்டும் எடுக்கலாம். தெரியாமல் துழாவினால் அது இன்னும் உள்ளே போய்விடும். இதை யாரிடமாவது நேரில் செய்து பார்த்துக் கற்றுக்கொண்ட பிறகு ஃபிங்கர் ஃபுட்டை ஆரம்பியுங்கள். எந்த சார்ட்டிலும் இதைப் போடுவதில்லை என்பதுதான் என் ஆத்திரம்.

பிஸ்கட்டை எடுத்துக்கொண்டு வாங்கின கடைக்கே போனேன். ‘எல்லா அம்மாவும் இதைத்தான் வாங்குறாங்க, உங்க குழந்தைக்குத்தான் ஒத்துக்கலை’ என்றார் கடைக்காரர். பணம் திரும்பவில்லை. பதிலுக்கு வாயில் கரையும் பஃப்ஸ் என்று, பொரி மாதிரியான குழந்தை ஸ்நாக்ஸ் டப்பா ஒன்றைக் கையில் திணித்தார். அதையும் என் நாக்கில் வைத்துப் பார்த்தேன். நிஜமாகவே மெல்லாமல் கரைந்தது, சந்தோஷம். ஆனால் டப்பா திறந்து சில நாள் ஆனதும் அதே பஃப்ஸ் காற்றில் நமுத்து ரப்பர் பதத்துக்கு வந்துவிட்டது. கடித்தால் இழுபடுகிறதே தவிரக் கரையவில்லை. மூடி இறுகாத டப்பாவில் விற்றுவிட்டு, பின்பக்கம் கண்ணுக்கே தெரியாத எழுத்தில் ‘உலர்ந்த இடத்தில் வைக்கவும்’ என்று போட்டால் ஆயிற்றா? இப்போது காற்றுப் புகாத டப்பாவுக்கு மாற்றிவிடுகிறேன், கொடுக்கும் முன் தினமும் ஒன்றை நானே வாயில் போட்டுப் பார்க்கிறேன்.

பின்பக்கத்தைப் படிக்கும்போது சோடியத்தையும் பாருங்கள். சோடியம் அளவை இரண்டரையால் பெருக்கினால் உப்பின் அளவு வரும். ஒரு வயதுவரை நாள் முழுக்க எல்லாவற்றிலும் சேர்த்து உப்பு 1 கிராமுக்குக் கீழே இருக்க வேண்டும். சில குழந்தை ஸ்நாக்ஸில் தேன் சேர்த்திருப்பார்கள், அதையே பெருமையாக முன்பக்கம் போட்டிருப்பார்கள். ஒரு வயதுக்குள் தேன் கூடவே கூடாது; அதில் இருக்கக்கூடிய ஒரு பாக்டீரியாவின் வித்துகள் குழந்தையின் குடலில் வளர்ந்து, தசைகளைச் செயலிழக்கச் செய்யும் நஞ்சை உண்டாக்கும்.

கடைசியில் சமையலறைதான் கை கொடுத்தது. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து லேசாக அழுத்தினால் நசுங்க வேண்டும். நசுங்காவிட்டால் திரும்ப அடுப்புக்கு. வேறு சோதனை தேவையில்லை. கேரட், பூசணி, உருளைக்கிழங்கு எல்லாம் இப்படித்தான் தேறின. ஆப்பிளை ஆவியில் வேகவைக்கலாம், பச்சையாக என்றால் துருவித்தான் கொடுக்க வேண்டும். திராட்சை எவ்வளவு மென்மையாக இருந்தாலும் முழுசாக வேண்டாம், அந்த உருண்டை வடிவமும் வழுக்கும் தோலும் மூச்சுக்குழாயை அப்படியே அடைத்துவிடும். நீளவாக்கில் நான்காக வெட்டுங்கள். குறுக்கே வெட்டினால் வட்டம் வட்டமாகவே இருக்கும், அதனால் பயனில்லை.

வாழைப்பழம் கையில் வழுக்கி வழுக்கிப் போய் அவனுக்கு அழுகையே வந்துவிட்டது. உரித்த பழத்தின் நுனியில் விரலை மெல்ல அழுத்தினால் அது தானாக மூன்று நீளத் துண்டாகப் பிரியும். அந்த உள்பக்கம் சொரசொரவென்று இருப்பதால் பிடி கிடைக்கிறது. இதைக் கண்டுபிடித்த அன்று எனக்கு ஏதோ பரிசு வாங்கிய மாதிரி இருந்தது. அந்த வயதில் முழுக் கையால்தான் பிடிப்பார்கள், முஷ்டிக்கு வெளியே கொஞ்சம் நீட்டிக்கொண்டிருந்தால்தான் வாய்க்கு எட்டும். ஆகவே விரல் நீளத் துண்டு. ஒன்பது மாதம் வாக்கில் இரு விரலால் கிள்ளி எடுக்கப் பழகிய பிறகு மெத்தென்ற பொடித் துண்டுகள். ஆறு மாதத்துக்குப் பிறகு உடம்பில் இருக்கும் இரும்புச்சத்தின் சேமிப்பு குறைந்துகொண்டே வருமாம். அதனால் காய், பழத்தோடு நிறுத்தாமல் வேகவைத்து மசித்த பருப்பைச் சிறு கட்டையாகப் பிடித்தும், முட்டையை ஆம்லெட்டாகப் போட்டு நீளமாக வெட்டியும் கொடுத்தேன். புது ரொட்டி மட்டும் எச்சிலில் ஊறி உருண்டையாகத் திரண்டுவிடுகிறது. டோஸ்ட் செய்து மெல்லிய பட்டையாகக் கொடுத்தால் பிரச்சினை இல்லை.

நிமிர்ந்து உட்கார்ந்தால் மட்டுமே சாப்பாடு. தவழும்போதும், ஓடும் காரிலும் ஒன்றும் கிடையாது. இதில் வீட்டு ஆட்களைவிட விருந்தாளிகள்தான் கஷ்டம். பாப்கார்னோ மிட்டாயோ எடுத்து நீட்டிவிட்டு, ‘ஒண்ணே ஒண்ணு, ஒண்ணும் ஆகாது’ என்பார்கள். வேண்டாம் என்றால் முகம் சுருங்கும். அதனால் ஆட்கள் வரும் நேரம் பார்த்து அவனை நாற்காலியில் உட்காரவைத்து, இரண்டு கையிலும் வெந்த கேரட்டைக் கொடுத்துவிடுகிறேன். கை நிறைய இருக்கிற குழந்தைக்கு யாரும் எதையும் நீட்டுவதில்லை.