பிரஷர் உள்ளவர்களுக்கு எக்கோ: இ.எஃப். நார்மல் என்றதும் ரிப்போர்ட்டை மூடிவிடாதீர்கள்

எக்கோ என்பது ஒலி அலைகளால் இதயத்தைப் படம் பிடிக்கும் சோதனை. அதன் ரிப்போர்ட் கைக்கு வந்ததும் எல்லாரும் தேடுவது இ.எஃப்., அதாவது இடது கீழறையில் நிறைந்த ரத்தத்தில் ஒரு துடிப்புக்கு எத்தனை சதவீதம் வெளியே போகிறது என்ற அளவு. அது 60 சதவீதம் என்றிருந்தால் நிம்மதி. ஆனால் வருடக்கணக்கான பிரஷர் முதலில் கைவைப்பது அதில் அல்ல. இடது கீழறைச் சுவர் தடிக்கும். அறை தளர்ந்து ரத்தத்தை வாங்கும் தன்மை குறையும். இடது மேலறை பெரிதாகும். இத்தனைக்குப் பிறகும் இ.எஃப். நார்மலாகவே இருக்கலாம்.

ஐ.வி.எஸ்., பி.டபிள்யூ. என்று போட்டிருப்பவை இடது கீழறையின் நடுச்சுவர், பின்சுவர் ஆகியவற்றின் தடிமன். ஆணுக்கு 10 மி.மீ., பெண்ணுக்கு 9 மி.மீ. வரை சரி. இவற்றையும் அறையின் உள்விட்டத்தையும் வைத்துத் தசையின் எடையைக் கணக்கிட்டு, உடல் பரப்பால் வகுப்பார்கள். சதுர மீட்டருக்கு ஆணுக்கு 115 கிராம், பெண்ணுக்கு 95 கிராம் தாண்டினால் தசை பருத்துவிட்டது என்று பொருள்.

தப்பு நடப்பதும் இங்கேதான். சூத்திரத்தில் அளவுகள் மூன்றாம் படிக்கு உயர்வதால் சின்னப் பிசகும் பெரிதாகிவிடும். உள்விட்டம் 46 மி.மீ., சுவர்கள் 11 மி.மீ. என்றால் எடை சுமார் 181 கிராம். அதே சுவர்களை 12 என்று அளந்தால் 205. உடல் பரப்பு 1.7 சதுர மீட்டர் உள்ள ஆணுக்கு முதல் கணக்கு 107, நார்மல். அடுத்தது 121, தசை பருத்த கணக்கு. ப்ரோப் (நெஞ்சில் வைக்கும் கருவி) சாய்ந்து படம் சுவரைச் சாய்வாக வெட்டினாலோ, வலது அறைப் பக்கத்துத் தசைக் கற்றையையும் சேர்த்து அளந்தாலோ இந்த ஒரு மி.மீ. கூடிவிடும். நோயாளியை நன்றாக இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்கவைத்து, மூச்சை வெளியே விட்டு நிறுத்தச் சொன்னால் படம் தெளியும்.

அறை எவ்வளவு தளர்கிறது என்று பார்க்க இ/ஏ விகிதம் (கீழறைக்குள் ரத்தம் முதலில் பாயும் வேகத்துக்கும், மேலறை சுருங்கும்போது பாயும் வேகத்துக்கும் உள்ள விகிதம்) மட்டும் போதாது. நோய் முற்றும்போது அது மறுபடி நார்மல் போலக் காட்டும். தசை அசையும் வேகத்தை அளக்கும் டிஷ்யூ டாப்ளரில் இ-பிரைம் கிடைக்கும்; ரத்தம் முதலில் பாயும் வேகத்தை அதால் வகுத்த இ/இ-பிரைம் சராசரி 14-ஐத் தாண்டுகிறதா, இடது மேலறைக் கொள்ளளவு சதுர மீட்டருக்கு 34 மி.லி.க்கு மேல் போகிறதா என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

விடியற்காலை கடலூரில் பஸ் ஏறி புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனைக்கு வருகிறவர்களில் சிலர் சாப்பிடாமல், பிரஷர் மாத்திரையும் போடாமல் வருகிறார்கள். நெஞ்சின் மேல் வைத்து எடுக்கும் சாதாரண எக்கோவுக்குப் பட்டினி வேண்டாம். டாக்டர் நிறுத்தச் சொல்லாத வரை மாத்திரையையும் வழக்கம்போலப் போடுங்கள். அந்த நேரத்து பிபி ஏறியிருந்தால் டாப்ளர் அளவுகளும் மாறும். அதனால் ரிப்போர்ட்டில் பிபியையும் குறிக்கச் சொல்லிக் கேளுங்கள். பழைய எக்கோ இருந்தால் கையோடு கொண்டுபோங்கள். சுவர் 11-லிருந்து 12 மி.மீ. ஆனது நோயாலா, அளந்த விதத்தாலா என்பதைப் பழைய படத்தைப் பக்கத்தில் வைத்துத்தான் சொல்ல முடியும்.