ஆரோவில் போனா தங்க உருண்டைய மட்டும் பாத்துட்டு வராதீங்க: காட்டுல மம்பட்டி புடிச்ச கதை

பாண்டிச்சேரி பக்கத்துல ஆரோவில்ல, காடு வளக்கற சாதனா ஃபாரஸ்ட்ங்கற எடத்துல வாலண்டியரா வேலை செஞ்சுட்டு நேத்து ராத்திரிதான் வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். உள்ளங்கை ரெண்டும் காய்ச்சுக் கெடக்கு, நகக்கண்ணுல செம்மண்ணு இன்னும் போகல, ஆனா சூடு ஆறறதுக்குள்ள எழுதிடணும்னு உக்காந்துட்டேன். எப்படி போறது, எங்க தங்கறது, எவ்ளோ செலவுன்னு வரிசையா எழுதறேன்னு ஃப்ரெண்ட்ஸ்கிட்ட சொல்லியிருக்கேன், எழுதறேன். அதுக்கு முன்னாடி அந்த ஆட்டோ விஷயம்.

திருவான்மியூர்ல கவர்மெண்ட் பஸ் ஏறி ஈசிஆர் வழியா பெரிய முதலியார்சாவடில இறங்கற வரைக்கும் ஒரு குறையும் இல்ல, ஜன்னல் சீட்டு, கூட்டமும் இல்ல. இறங்கின உடனே முதுகுல இருந்த பெரிய பையப் பாத்துட்டு ஒரு ஆட்டோக்காரர் வந்தாரு. சாதனா ஃபாரஸ்ட்னு சொன்னேன். "700 ஆகும் சார்"னாரு. "அண்ணே, நான் என்ன திண்டிவனத்துக்கா போகச் சொல்றேன்"னு கேட்டா "மழைல ரோடு மோசம், திரும்பி வர்றப்ப சவாரி கெடைக்காது"ன்னாரு. பேசிப் பேசி 450க்கு வந்தாரு, அதுவும் அதிகம்தான், தூறல் ஆரம்பிச்சதால ஏறிட்டேன். கடைசில மண் ரோடு ஆரம்பிக்கற எடத்துலயே நிறுத்திட்டு "இதுக்கு மேல வண்டி எறங்காது சார்"ன்னு முழு காசையும் வாங்கிட்டுப் போயிட்டாரு. மீதி தூரம் பைய தலைல வெச்சுட்டு சேத்துல நடந்தேன். சென்னைலேர்ந்து அங்க வந்த பஸ் டிக்கெட்ட விட இது ஜாஸ்தி, அதான் இன்னும் வயிறு எரியுது. ரெண்டு பேரா போறவங்க குயிலாப்பாளையம் பக்கம் ஸ்கூட்டி வாடகைக்கு எடுத்துடுங்க, கணக்கு கட்டுப்படியாகும்.

சரி, எடத்துக்கு வர்றேன். ஆரோவில்னா நம்ம ஆளுங்களுக்கு மாத்ரிமந்திர்ங்கற தியான மண்டபம்தான், அந்தத் தங்க உருண்டைக்கு முன்னாடி நின்னு ஒரு செல்ஃபி, பாண்டிச்சேரி பீச், முடிஞ்சது. 1968ல ஆரோவில் தொடங்கினப்போ அங்க பெருசா மரமே கெடையாது, பொட்டல். ஒரு காலத்துல காடா இருந்த மேடு, வெட்டி வெட்டி, ஆடு மாடு மேஞ்சு, ஒவ்வொரு மழைக்கும் மேல்மண்ணு அரிச்சுக் கடலுக்குப் போயி பள்ளத்தாக்கு மாதிரி ஆயிருந்துச்சு. இப்ப அங்க நிக்கற நிழல் பெரும்பாலும் ஆளுங்க குழி தோண்டி வெச்ச மரங்களோடது. என்னைக் கேட்டா அந்தக் காடுதான் ஆரோவில்லோட பெரிய சாதனை, உருண்டையெல்லாம் அப்புறம். சாதனா ஃபாரஸ்ட் இதுல பின்னாடி வந்தது, 2003 டிசம்பர்ல அவிராம், யோரிட்னு ஒரு தம்பதி ஓரமா கெடந்த 70 ஏக்கர் கட்டாந்தரைல ஆரம்பிச்சாங்க. அங்க வளக்கறது நம்ம ஊரு காடு. இந்த சோழமண்டலக் கரையோரமும் இலங்கைலயும்தான் அந்த வகைக் காடு உண்டு, மழை கம்மி ஆனா வருஷம் பூரா பச்சையா நிக்கும். மிச்சம் இருக்கறதும் பெரும்பாலும் அய்யனாருக்கு பயந்து வெட்டாம விட்ட கோயில் காடுங்கதான்.

வேலைய அங்க சேவைன்னு சொல்றாங்க. விடியறதுக்கு முன்னாடி பாட்டு பாடி எழுப்புவாங்க, எல்லாரும் வட்டமா நின்னு உடம்ப வளைச்சு நெளிச்சு, அப்புறம் யார் எந்த வேலைன்னு பிரிச்சுப்பாங்க. வெயில் ஏறறதுக்குள்ள ஒரு ரவுண்டு காட்டு வேலை, சாப்பிட்டுட்டு இன்னொரு ரவுண்டு, அது சமையல், பாத்திரம், மாட்டுக்கொட்டகைன்னு எதுவா வேணா இருக்கலாம். எனக்கு முதல்ல கெடச்சது வாய்க்கா வெட்டறது. சரிவுக்கு குறுக்கால மட்டம் பாத்து நீளமா வெட்டணும், வெட்டின மண்ண கீழ்ப்பக்கம் கரையா கட்டணும், அவ்ளோதான். செம்மண்ணு மேல நாலு விரக்கடை மெத்துனு இருக்கும், அதுக்கு கீழ மம்பட்டி போட்டா 'ணங்'குனு திரும்பி வரும், கடப்பாரையால நெம்பி நெம்பித்தான் எடுக்கணும். மத்தியானத்துக்குள்ள இடுப்பு போச்சு. அன்னைக்கு ராத்திரி செம மழை. காலைல போய் பாத்தா நாங்க வெட்டின வாய்க்கா பூரா காப்பி கலர்ல தண்ணி, கரைக்கு அந்தாண்ட ஒரு சொட்டு ஓடல! அப்படியே நின்னுட்டேன். மறுநாள் பாத்தா தண்ணி இல்ல, மண்ணு குடிச்சிருச்சு, அடில மெல்லிசா வண்டல் மட்டும் படிஞ்சிருந்துச்சு. ஸ்கூல்ல நிலத்தடி நீர்னு படிச்சது எனக்கு அங்கதான் புரிஞ்சுது. நம்ம ஏரியால தெருவுக்குத் தெரு சிமெண்ட் பூசி மழைத்தண்ணிய சாக்கடைல விட்டுட்டு ஏப்ரல் மாசம் லாரிக்கு காசு குடுக்கறோம்.

அப்புறம் நாத்து நடறது. ஐப்பசி கார்த்திகைல மழை இருக்கறப்போதான் நட முடியும், அதனால இந்த சீசன்ல போனது ரொம்ப நல்லதாப் போச்சு. பக்கத்து ஊரு அக்கா ஒருத்தங்க சொல்லிக் குடுத்தாங்க. நாத்து இருந்த பிளாஸ்டிக் கவர நான் புடிச்சு இழுத்ததப் பாத்துட்டு "தம்பி, இழுக்காத, பிளேடால ஓரத்துல கீறு, மண்கட்டி உதிராம அப்படியே குழிக்குள்ள எறக்கு"ன்னாங்க. எறக்கி, மண்ணத் தள்ளி, காலால மெதுவா அமுக்கி, சுத்தி காஞ்ச இலைய மூடாக்கா போடணும், தண்டுல ஒட்டாம, ஒட்டுனா அழுகிடும். காயா, வீரை, பாலை, கருங்காலி, நாவல்... காயாம்பூ வண்ணன்னு பெருமாள சொல்றோமே, அந்தக் காயாவ நான் அன்னைக்குத்தான் கைல புடிச்சேன், எலை கெட்டியா பளபளன்னு, ஆளு ரொம்ப மெதுவாத்தான் வளருமாம். பொட்டலா இருந்த காலத்துல ஆரோவில்ல சீக்கிரம் வளருதுன்னு ஆஸ்திரேலியாவோட அக்கேசியா மரத்த நெறைய வெச்சாங்க, நிழலுக்கும் மண்ணுக்கும் அது உதவுச்சு, ஆனா 2011 டிசம்பர்ல தானே புயல் அடிச்சப்போ அது ஏகப்பட்டது சாஞ்சிருச்சு. மெதுவா வளந்து ஆழமா வேர் விடற நாட்டு மரங்க மேல நம்பிக்கை வந்ததுக்கு அந்தப் புயலும் ஒரு காரணம்.

சாப்பாடு. இத ஓப்பனா சொல்லிடறேன், அங்க முழுக்க வீகன். பால் இல்ல, தயிர் இல்ல, நெய் இல்ல, டீயும் பால் இல்லாமத்தான். மோர் இல்லாம மதியச் சாப்பாடு முடிஞ்சா எனக்கு சாப்பிட்ட மாதிரியே இல்ல, அத நான் கடைசி வரைக்கும் ஒத்துக்கல. ஆனா விறகு அடுப்புல வெந்த தினை சோறும் பூசணிக்கா கூட்டும், மம்பட்டி புடிச்சுட்டு வந்த பசிக்கு, அதுக்கு ஈடு எதுவும் கெடையாது, மூணு தடவ போட்டுக்கிட்டேன். சாப்பிட்ட தட்ட அவங்கவங்களே சாம்பலும் தேங்கா நாரும் போட்டு வெளக்கணும்.

கழிவறை உலர் கழிவறை, தண்ணி ஊத்தக் கூடாது, மரத்தூள் போடணும், அது மக்கி மரத்துக்கே உரமாகுது. நாத்தம் இருக்குமோன்னு பயந்தேன், சுத்தமா இல்ல. சவுக்கு கட்டைல கட்டின கீத்துக் கொட்டகைல படுக்கை, கொசுவலை கட்டாயம், குளிக்க பக்கெட் தண்ணி, கரண்ட் சோலார்தான். சிகரெட், சரக்கு எதுக்கும் எடமில்ல. கடைல விக்கற சாதாரண சோப்பு, ஷாம்பு, பேஸ்ட் கூடாது, சீயக்காயும் பல்பொடியும் எடுத்துட்டுப் போங்க.

இப்ப வெள்ளிக்கிழமை விஷயம். வாலண்டியரா தங்க முடியாதவங்களுக்கு இதுதான் வழி. வெள்ளிக்கிழமை சாயங்காலம் எல்லாரும் வரலாம், காட்ட சுத்திக் காட்டுவாங்க, சுற்றுச்சூழல் பத்தி ஒரு படம் போடுவாங்க, அப்புறம் சாப்பாடு, எல்லாமே இலவசம். ஆரோவில்லோட பொதுச் சாப்பாட்டுக்கூடமான சோலார் கிச்சன்லேர்ந்து பஸ்ஸும் இலவசமா விடறாங்க. நாங்க காலைலேர்ந்து காய் நறுக்கிக்கிட்டே இருந்தோம். பாண்டிச்சேரிலேர்ந்து காலேஜ் பசங்க, கைக்குழந்தையோட ஒரு குடும்பம், வெள்ளைக்காரங்கன்னு திரண்டு வந்துட்டாங்க. அந்தக் குடும்பத்துப் பாட்டி வாய்க்காவப் பாத்துட்டு "எங்க ஊருல கரை கட்டறதுக்கு ஊரே சேந்து போவோம்"னு ஆரம்பிச்சவங்க நிறுத்தவே இல்ல, நான் தமிழ்ல கேட்டு பக்கத்துல நின்ன பிரெஞ்சுக்காரப் பொண்ணுக்கு இங்கிலீஷ்ல சொல்லிட்டே இருந்தேன். அவங்க பேசினது படத்த விட நல்லா இருந்துச்சு. ஒரே வருத்தம், சுத்திக்காட்டறது முக்கால்வாசி இங்கிலீஷ்ல ஓடுது. தமிழ் தெரிஞ்ச வாலண்டியர் நெறைய போனா பக்கத்து ஊரு ஜனங்களும் கேள்வி கேப்பாங்க, அதுக்காகவே நம்மாளுங்க போகணும்.

செலவு: தங்கறதுக்கு காசு இல்ல, சாப்பாட்டுக்கு மட்டும் ஒரு பங்களிப்பு. எவ்ளோ, குறைஞ்சது எவ்ளோ நாள் தங்கணுங்கறது அப்பப்ப மாறும், முன்னாடியே மெயில் போட்டு கேட்டுக்கோங்க. என் பர்ஸ கடிச்சது வெளி சாப்பாடுதான். லீவு நாள்ல ஆரோவில்ல ஒரு கஃபேல ஒரு டோஸ்ட்டும் காப்பியும் சாப்பிட்டதுக்கு பில்லப் பாத்து பகீர்னுச்சு, அந்தக் காசுக்கு பாண்டில ரெண்டு வேளை சாப்பிடலாம். அதே காச சாலிட்யூட் ஃபார்ம்ல குடுங்க. இங்கிலாந்துலேர்ந்து வந்து தமிழ்ல வெளுத்து வாங்கற கிருஷ்ணா மெக்கன்சி நடத்தற பண்ணை, 1996லேர்ந்து இருக்கு, அங்க வெளையறதுதான் தட்டுல வரும். பப்பாளிக்கா, வாழைப்பூ, பேர் தெரியாத கீரை... அந்தக் கீரைய நம்ம வீட்டுல களைன்னு புடுங்கிப் போடுவோம்.

டைம் இருந்தா திரும்பி வர்றப்ப ஈசிஆர்ல கீழ்ப்புத்துப்பட்டு அய்யனார் கோயில்ல இறங்கி அந்தக் கோயில் காட்டப் பாருங்க. நான் நட்ட கன்னு எல்லாம் வளந்தா எப்படி இருக்கும்னு அங்கதான் தெரிஞ்சுகிட்டேன்.

வெள்ளிக்கிழமை பஸ்ஸுக்கு கொஞ்சம் முன்னாடியே போயிடுங்க, டார்ச் எடுத்துக்கோங்க, மழைக்காலம்னா ஷூ வேணாம், செருப்பு போதும்.