தட்டுக்குள் குளிர்நீர்த் தடம்: இடைவெளிதான் எல்லாம்

ஃபிரிக்‌ஷன் ஸ்டிர் வெல்டிங்கில் (சுழலும் டூலின் உராய்வுச் சூட்டில் உலோகத்தை இளக்கிக் கலந்து இணைக்கும் முறை) உள்ளே நீளவாக்கில் பொந்து விழுந்தால் அந்தத் துண்டைக் கழித்துவிடுவோம். அதே முறையில் தட்டுக்குள் குளிர்நீர் ஓடத் தடம் போடும்போது வேண்டியதே அந்தப் பொந்துதான். ஆனால் அது முழு நீளத்துக்கும் ஒரே அளவில் இருக்க வேண்டும், அதன் மேல்மூடியான கூரை கசியக் கூடாது.

டூலைச் சுழற்றும் ஸ்பிண்டில் மேலிருந்து பார்க்கக் கடிகாரத் திசையில் சுற்றினால், டூலில் தட்டுக்குள் இறங்கும் முனையான பின்னில் (pin) வலது மரை வெட்டியிருக்க வேண்டும். டிரில் பிட் சீவலை ஏற்றுவதுபோல, இளகிய அலுமினியம் மேலேறும். வெல்டிங்குக்கான இடது மரை டூலை மாட்டினால் உலோகம் கீழே அமுங்கும், தடம் உருவாகாது. ஏறிய உலோகம், பின்னுக்கு மேலுள்ள அகன்ற பகுதியான ஷோல்டருக்கும் தட்டுக்கும் நடுவே விட்ட இடைவெளியில் தேங்கி, அங்கேயே நசுங்கிக் கூரையாகிறது.

6061-டி6 அலுமினியக் கலவையில், 8 மி.மீ. தடிமனுள்ள தட்டில் முதல் சோதனைக்கு: எச்13 ஸ்டீல் டூல், ஷோல்டர் 16 மி.மீ., பின் விட்டம் 5, நீளம் 5. 800 ஆர்பிஎம், நிமிடத்துக்கு 100 மி.மீ. நகர்வு, சாய்வு பூஜ்யம், இடைவெளி 0.6. பின் 4.4 மி.மீ. இறங்கும், அடியில் 3.6 மிஞ்சும்.

பெரும்பாலான கோளாறு அந்த 0.6-இல்தான். இடைவெளி கூடினால் ஷோல்டருக்கு அழுத்தம் கிடைக்காது. கூரையில் ஊசித்துளைகள் விழும், சில இடத்தில் திறந்தே கிடக்கும். குறைந்தால் ஏறும் உலோகத்துக்கு இடமில்லை, தடம் சுருங்கி அடைபடும். ஆகவே தட்டை முதலில் மில்லிங்கில் சமப்படுத்தி, டயல் கேஜ் வைத்து ஓட்டப்போகும் பாதை முழுக்கப் பாருங்கள். கிளாம்ப் நெருக்கமாக வேண்டும். சூட்டில் தட்டு நடுவே தூக்கினால் இடைவெளி அங்கே தின்னப்படும். அழுத்தத்தைப் பிடித்து ஓடும் மெஷின் என்றால் அதை நிறுத்திவிட்டு உயரத்தைப் பிடித்து ஓட்டுங்கள். கட்டிங் ஆயில் வேண்டாம், உள்ளே போனால் கழுவி எடுப்பது பெரும்பாடு.

டூலின் பின் தட்டில் இறங்கிய இடத்தில் தடம் உடனே சீராகாது. நீர் நுழையும் துளையைச் சற்றுத் தள்ளிப் போடுங்கள். பின் வெளியேறும் குழி தானாகவே மறுமுனைத் துளையாகும். திருப்பங்களை வளைவாக விடுங்கள், செங்கோண மூலையில் தடத்தின் வடிவம் குலையும்.

மேலே எழும்பிய மேட்டைச் சீவும் முன், அதே அமைப்பில் ஓட்டிய துண்டைக் குறுக்கே அறுத்துக் கூரைத் தடிமனை அளக்க வேண்டும். கண்மதிப்பில் சீவினால் கூரையே போய்விடும். சீவியபின் காற்றை ஏற்றி நீரில் அமிழ்த்திக் குமிழி பாருங்கள். சீவும் முன் செய்த சோதனை செல்லாது.

உள்சுவர் சொரசொரப்பாகவே இருக்கும். வெப்பம் கடத்த அது நல்லது, அழுத்த இழப்புக்குக் கெடுதல். வழவழப்பான குழாய்க்கான கணக்கை வைத்துப் பம்ப் வாங்காமல், நீரை ஓட்டி இரு முனையிலும் அழுத்தம் அளந்து வாங்குங்கள்.