மூக்கிரட்டைச் சாறும் காணாமல் போன மைனஸ் குறியும்

"செடியைச் சேகரித்தோம், அடையாளம் உறுதி செய்யப்பட்டது, மெத்தனாலில் சாறு எடுத்தோம்" என்று ஆய்வுக் கட்டுரைகளில் இரண்டே வரியில் முடித்து விடுகிறார்கள். அந்த இரண்டு வரிதான் என் எம்.எஸ்சி. கடைசி செமஸ்டரில் பாதியைத் தின்றது. மிச்சத்தை ஒரு தனியார் ஆய்வகம் தின்றது. வைவா முடிந்து மார்க்கும் வந்து விட்டது, இனி யாருக்கும் பயப்பட வேண்டியதில்லை என்பதால் எழுதுகிறேன். மைக்ரோபயாலஜி, பயோகெமிஸ்ட்ரி பிள்ளைகள் யாராவது இந்த வருடம் மூலிகை ப்ராஜெக்ட் எடுத்திருந்தால் படித்து வையுங்கள்.

ஒரு மூலிகையின் சாறு கிருமிகளைத் தடுக்கிறதா, மாவுச்சத்தை உடைக்கும் என்சைமைத் தடுக்கிறதா என்று பார்ப்பதுதான் என் ப்ராஜெக்ட். ஆவாரை, சிறுகுறிஞ்சான் எல்லாம் வேண்டாம், செய்யாத ஆளே இல்லை என்று கைடு மேடம் முதலிலேயே சொல்லி விட்டார். சென்னை நன்மங்கலம் காப்புக்காட்டில் தேடலாமா என்று ஒரு யோசனை வந்தது. வனத்துறை அனுமதி இல்லாமல் அங்கே ஓர் இலையைக் கூடக் கிள்ளக் கூடாது. அனுமதி வருவதற்குள் கான்வொகேஷனே வந்து விடும். கடைசியில் பெரும்பாக்கம் பக்கம் காலி மனைகளில் மழைக்குப் பிறகு தரையோடு படர்ந்து கிடக்கும் மூக்கிரட்டையை எடுத்தோம். காட்டுச் செடி என்றால் தரமணியில் இருக்கும் தேசியப் பல்லுயிர் ஆணையத்திடம் போக வேண்டுமா என்று வகுப்பில் ஒரு பீதி கிளம்பியது. இந்தியக் கல்லூரியில் இந்திய மாணவர் படிப்புக்காகச் செய்கிற ஆய்வுக்கு அது தேவையில்லை. காப்புரிமை கேட்கப் போனால்தான் அந்தப் பக்கம் போக வேண்டும். நம் ப்ராஜெக்டுக்கு அவ்வளவு யோகம் கிடையாது, நிம்மதியாக இருங்கள்.

செடி இன்னதுதான் என்று உறுதி செய்யும் அடையாளச் சான்றிதழுக்கு ஓர் அலுவலகத்துக்குப் போன் செய்தேன். எடுத்தவர், "காய வெச்ச பொடி கொஞ்சம் எடுத்துட்டு வாம்மா, போதும்" என்றார். பெயரைக் கேட்டு வைத்துக் கொண்டேன். இரண்டு பஸ் மாறிப் பொடியோடு போய் நின்றால், அதே மனிதர் டப்பாவைத் திறந்து கூடப் பார்க்காமல், "பொடியைப் பாத்து செடி சொல்ல முடியுமா? பூ, காய், வேர் எல்லாம் வேணும்" என்கிறார். போனில் நீங்கள்தானே சொன்னீர்கள் என்றேன். "நான் அப்படிச் சொல்லியிருக்க மாட்டேனே" என்று சொல்லி விட்டு டீ குடிக்கப் போய் விட்டார். கையில் இருந்த கடிதமும் செல்லாதாம். கைடு கையெழுத்து மட்டும் இருந்தது, துறைத்தலைவர் கையெழுத்தும் சீலும் வேண்டும், அதுவும் இயக்குநர் பெயருக்கு. இந்த விவரம் எதுவும் எங்கேயும் எழுதி ஒட்டப்படவில்லை.

உள்ளே இருந்த தாவரவியலாளர் அம்மா அவருக்கு நேர் எதிர். வராந்தாவில் என்னைப் பார்த்து அவரே கூப்பிட்டு உட்கார வைத்தார். மூக்கிரட்டை என்று வருபவற்றில் சாரணை கலந்து வருவது சகஜமாம். இரண்டும் தரையில் படரும், இரண்டிலும் எதிரெதிர் இலைகளில் ஒன்று பெரிது, ஒன்று சிறிது. ஆனால் சாரணையின் இலை சதைப்பற்றாக இருக்கும், பூ இலைக்காம்பின் உறைக்குள் ஒளிந்திருக்கும். மூக்கிரட்டைக்கு மெல்லிய காம்பில் குட்டிக் குட்டி இளஞ்சிவப்புப் பூ, இலையின் அடிப்பக்கம் வெளிறியிருக்கும், காயில் ஐந்து வரி. அந்தக் காய் பிசுபிசுப்பானது. செடி பறித்து விட்டு வீட்டுக்கு வந்தால் சுடிதார் ஓரம் முழுக்க ஒட்டியிருக்கும், நகத்தால் சுரண்டித்தான் எடுக்க வேண்டும். "காய் ஒட்டலைன்னா சந்தேகப்படு" என்றார். மூன்று மாத வகுப்பில் கற்காததை அந்த வராந்தாவில் கற்றேன்.

சரி, பூவும் காயுமாக எடுக்கலாம் என்று பழைய மனைக்குப் போனால், ஜே.சி.பி. ஏறி இறங்கி மொத்த இடமும் செம்மண்ணாகக் கிடக்கிறது. வேறு மனையில் செடி கிடைத்தது. ஆனால் சான்றிதழுக்குக் கொடுக்கும் மாதிரியும் சாறு எடுக்கும் செடியும் ஒரே இடத்தில், ஒரே தடவையில் எடுத்ததாக இருக்க வேண்டும். அதனால் அரைத்து வைத்திருந்த பொடி அத்தனையும் குப்பைக்குப் போனது. தயவு செய்து முதலில் ஹெர்பேரியம் ஷீட் (செடியை அழுத்தி உலர்த்தி ஒட்டிய தாள்), அப்புறம் மிக்ஸி. சான்றிதழில் வவுச்சர் எண், அதாவது அந்த மாதிரிக்குக் கொடுக்கும் பதிவு எண், இருக்கிறதா என்று அங்கேயே பார்த்து விடுங்கள், எண் இல்லாத சான்றிதழால் பயனில்லை. இதில் ஒரு வேடிக்கையும் தெரிந்து கொண்டேன். உலர் செடி மாதிரிகளைக் காக்கும் மெட்ராஸ் ஹெர்பேரியத்தைப் பெயரைப் பார்த்துச் சென்னையில் தேடாதீர்கள், அது இருப்பது கோயம்புத்தூரில்.

நிழலில் உலர்த்து என்று எல்லா நூலிலும் இருக்கிறது. வடகிழக்குப் பருவமழையில் சென்னையில் நிழலில் காய வைத்தால் பூஞ்சைதான் விளையும். பூஞ்சை பிடித்த இலையில் சாறு எடுத்து அது பாக்டீரியாவைக் கொன்றது என்று எழுதினால், கொன்றது செடியா பூஞ்சையா என்று யார் சொல்வது? பாதி வாடியதும் ஹாட் ஏர் ஓவனில் 40 டிகிரியில் வைத்து முடித்தேன்.

அடுத்தது மெத்தனால். தமிழ்நாட்டில் மெத்தனால் வைத்திருக்கவே உரிமம் வேண்டும். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்துப் போனார்கள். அதன் பிறகு யாரும் கண்டும் காணாமல் விடுவதில்லை. பாரிமுனைக் கெமிக்கல் கடையில் மெத்தனால் என்று வாயெடுத்ததுமே, "லைசென்ஸ் காப்பி இருக்கா?" என்றார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். எரிச்சல் எங்கள் கல்லூரி மேல்தான். உரிமம் கெமிஸ்ட்ரி துறையிடம் இருக்கிறது, பாட்டிலும் ஸ்டோரில் இருக்கிறது, ஆனால் எங்கள் துறைக்குக் கொடுக்க, பொருள் கேட்டு எழுதும் இன்டென்ட் புத்தகத்தில் பத்தி இல்லையாம். ஸ்டோர் அண்ணா பூட்டைக் கூடத் தொடவில்லை. கெமிஸ்ட்ரி துறைத்தலைவர் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்ட பிறகு, அளந்து ஊற்றி, ரெஜிஸ்டரில் மில்லி வரை எழுதி வாங்கிக் கொண்டு கொடுத்தார். செமஸ்டர் தொடங்கிய வாரமே இன்டென்ட் போட்டு விடுங்கள். சாறு எடுக்கும் மற்ற கரைப்பான்களான ஹெக்சேன், எத்தில் அசிட்டேட்டுக்கு இந்தப் பாடு இல்லை.

சாறு இறக்கும் சாக்ஸ்லெட், கரைப்பானை வற்ற வைக்கும் ரோட்டரி எவாப்பரேட்டர் எல்லாம் ஒழுங்காக நடந்தது. கிருமி எதிர்ப்புச் சோதனையும் பெரிய தொல்லை தரவில்லை. கிருமி தடவிய அகார் தட்டில் குழி வெட்டிச் சாறு ஊற்றி, சுற்றிலும் கிருமி வளராத வளையம் வருகிறதா என்று பார்ப்பதுதான் அது. முல்லர்-ஹின்டன் அகார் 4 மி.மீ. கனம், கிருமிக் கரைசல் 0.5 மெக்ஃபார்லண்ட் அளவு கலங்கல், கலங்கலைச் சரி செய்த கால் மணிக்குள் தட்டில் தடவி விட வேண்டும், அவ்வளவுதான். ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ் தட்டில் குழியைச் சுற்றித் தெளிவான வளையம், ஈ.கோலை தட்டில் ஒன்றுமே இல்லை. ஈ.கோலை போன்ற கிராம் நெகட்டிவ் கிருமிக்கு வெளிச்சவ்வு ஒன்று கூடுதலாக இருப்பதால் செடிச் சாறுகளில் இப்படித்தான் பெரும்பாலும் வரும், மனம் உடைய வேண்டாம். சாற்றைக் கரைக்கப் பயன்படுத்திய டி.எம்.எஸ்.ஓ. என்ற கரைப்பானை மட்டும் ஊற்றிய குழி ஒன்று ஒவ்வொரு தட்டிலும் இருக்கட்டும். ஹெக்சேன் சாறு அகாரில் சரியாகப் பரவாது, அதனால் வளையம் இல்லாததைப் பார்த்து வீரியம் இல்லை என்று எழுதி விடாதீர்கள். கிருமி வளர்க்கும் திரவத்தில் (ப்ராத்) எம்.ஐ.சி., அதாவது கிருமி வளர்ச்சியைத் தடுக்கும் குறைந்தபட்ச அளவு, பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

இப்போது முக்கியமான கதை. மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைக்கும் என்சைம்தான் ஆல்ஃபா அமைலேஸ். அதன் தடுப்புச் சோதனைக்கு, நிறத்தின் அடர்த்தியை அளக்கும் ஸ்பெக்ட்ரோஃபோட்டோமீட்டர் வேண்டும். எங்களுடையது விளக்கு போய் சர்வீஸ்காரருக்காகக் காத்திருந்தது. சீனியர்கள் எல்லாரும் கொடுக்கும் ஒரு தனியார் ஆய்வகத்தில் கொடுத்தேன். மாணவர்களுக்குச் சலுகை விலை என்றார்கள், அந்தச் சலுகை விலையே என் ஒரு மாத ஹாஸ்டல் பில். ரிப்போர்ட் வழவழவென்று கலர் கிராஃபோடு வந்தது. சாறு கூடக் கூடத் தடுப்புச் சதவீதம் படிப்படியாக ஏறுகிறது. மேடம் ஒரு நிமிடம் பார்த்து விட்டு, "ஓ.டி. வேல்யூ எங்கே?" என்றார். ஓ.டி. என்பது கருவி காட்டும் நிற அடர்த்தி.

அந்த மூல அளவுகளை வாங்க நான் பட்ட பாடு! டெக்னீஷியன் லீவு, சிஸ்டம் ஃபார்மட் ஆகி விட்டது, ரிப்போர்ட்டில் இருப்பதுதான் டேட்டா என்று ஒவ்வொரு போனுக்கும் ஒரு காரணம். கடைசியில் நேரில் போய் ரிசப்ஷன் சோபாவில் உட்கார்ந்து விட்டேன். மத்தியானம் சாப்பாட்டு டப்பாவையும் அங்கேயே திறந்த பிறகுதான் ஒரு எக்செல் ஷீட் மெயிலில் வந்தது.

பார்த்தால் கூத்து. செடிச் சாறு இல்லாத கன்ட்ரோல் 0.80. சாறு போட்ட குழாய் 0.91. சர்க்கரையோடு சேர்ந்து நிறம் மாறும் டி.என்.எஸ். கரைசலை ஊற்றும் இந்த முறையில், மாவுச்சத்து உடைந்து சர்க்கரை கூடினால் நிறம் கூடும். அதாவது என் சாறு என்சைமைத் தடுக்கவில்லை, உற்சாகப்படுத்தியிருக்கிறது. கணக்குப் போட்டால் மைனஸ் 14 சதவீதம். ரிப்போர்ட்டில் 14 என்று இருக்கிறது. மைனஸ் குறியை அப்படியே கிள்ளி எறிந்திருக்கிறார்கள். சாறு கூடக் கூட ஏறிய அந்த அழகான கிராஃப், தலைகீழாகப் பிடித்த கிராஃப்.

ஆனால் அந்த மைனஸ் எண்ணும் உண்மையில்லை என்று மேடம் சொன்னார். இலைச் சாற்றிலேயே சர்க்கரை இருக்கும், அதற்கென்று ஒரு நிறமும் இருக்கும். இரண்டும் சேர்ந்து குழாயைக் கறுக்க வைக்கும். அதைக் கழிக்க, ஒவ்வொரு அளவு சாற்றுக்கும் தனித்தனி பிளாங்க் (என்சைம் வேலை செய்யாத ஒப்பீட்டுக் குழாய்) வேண்டும். எல்லாம் அதே அளவு, ஆனால் டி.என்.எஸ்.ஸை முதலில் ஊற்றி விட்டு அப்புறம் என்சைம், அப்போது அது வேலை செய்யாது. அந்தத் தனியார் ஆய்வகம் அதைச் செய்யவே இல்லை.

பயோகெமிஸ்ட்ரி துறையில் கெஞ்சி, அவர்கள் கருவி சும்மா இருக்கும் சாயங்கால நேரத்தில் நாங்களே செய்தோம். பாஸ்பேட் பஃபர் பி.எச். 6.9, அதில் கொஞ்சம் சோடியம் குளோரைடு கட்டாயம், குளோரைடு இல்லாமல் அமைலேஸ் ஒழுங்காக ஓடாது. ஒப்பீட்டுக்கு, அமைலேஸைத் தடுக்கும் சர்க்கரை நோய் மருந்தான அகார்போஸை வைப்பார்கள். மெடிக்கல் ஷாப் அகார்போஸ் மாத்திரையைப் பொடித்துப் போடாதீர்கள், அதில் வேறு சேர்மானமும் இருக்கும், தூய அகார்போஸே வாங்குங்கள். அதே அளவு சாற்றுக்கு மறுபடியும் 0.91 வந்தபோது வயிற்றைப் பிசைந்தது. பிளாங்க் 0.42. கழித்தால் 0.49. கன்ட்ரோலோடு ஒப்பிட்டால் 39 சதவீதம் தடுப்பு! அகார்போஸ் பக்கத்தில் வைக்க முடியாதுதான், ஆனால் இது என் செடியின் சொந்த எண். செடியில் இருக்கும் டானின் என்ற துவர்ப்புப் பொருள் என்சைமைச் சும்மா வீழ்படிவாக்கினாலும் தடுப்பு மாதிரி தெரியும் என்பதால் அதையும் ஒரு பத்தியில் எழுதி வைத்தேன்.

வைவாவில் எக்ஸ்டர்னல் எக்ஸாமினர் பொதுக்கேள்விகளை எல்லாம் விட்டு விட்டு நேராக, "சாம்பிள் பிளாங்க் போட்டீங்களா?" என்றார். அட்டவணையைத் திருப்பிக் காட்டினேன். தலையாட்டி விட்டு வவுச்சர் எண்ணைக் கேட்டார், அதையும் காட்டினேன்.

வெளியே கொடுத்துத்தான் ஆக வேண்டும் என்றால், பணம் கட்டும் முன்பே மூல ஓ.டி. அளவுகள், எல்லா பிளாங்குகள், குழாய்களின் போட்டோ மூன்றும் தருவதாக மெயிலில் எழுதி வாங்குங்கள். நான் பணத்தைத் திருப்பிக் கேட்டேன். "அடுத்த ப்ராஜெக்டுக்குக் கழித்துக் கொள்ளலாம் மேடம்" என்கிறார்கள்.