கழுகுப் பெல்ட்: சிறகு பிடிபட்டது

ஒருவழியாகப் பித்தளையில் கழுகின் வலது சிறகு வந்துவிட்டது. 1988 முதல் 1998 வரை அமெரிக்க மல்யுத்த நிறுவனமான டபிள்யூ.டபிள்யூ.எஃப்இன் (இன்றைய டபிள்யூ.டபிள்யூ.ஈ) உலகச் சாம்பியன்கள் கட்டிய 'விங்ட் ஈகிள்' பெல்ட்டைத்தான் செய்துகொண்டிருக்கிறேன். ரண்டி சாவேஜ், பிரெட் ஹார்ட், ஷோன் மைக்கல்ஸ் எல்லாரும் தோளில் போட்டது. அதை வடிவமைத்த ரெஜி பார்க்ஸ், முன்பு தானே மல்யுத்தம் செய்தவர், 2021இல் காலமானார். நடுத்தகட்டில் கை வைக்கும் முன் ஒரு சிறகை மட்டும் தனித் துண்டில் பார்த்துவிடுவோம் என்று தொடங்கினேன்.

வேலை இப்படித்தான். படத்தைக் கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலம் மாற்றி, லேசர் பிரிண்டரில் வழவழப்பான தாளில் எடுக்க வேண்டும். தகட்டை நன்றாகத் தேய்த்து, எண்ணெய்ப் பசை போகக் கழுவி, தாளைக் கவிழ்த்து வைத்து அயன் பண்ணினால் மை உலோகத்தில் ஒட்டிக்கொள்ளும். விட்டுப்போன இடங்களைக் கியூடெக்ஸால் அடைக்கலாம். அப்புறம் ஃபெரிக் குளோரைட் கரைசல். கொழும்பு புறக்கோட்டையில் வாங்கி வந்தேன். மை மூடிய இடம் மேடாக நிற்கும், மூடாத இடத்தை அது அரித்துப் பள்ளமாக்கும். தகட்டை முகம் கீழே பார்க்கக் கரைசலில் தொங்கவிட வேண்டும்; அரித்த கசடு கீழே விழுந்தால்தான் பள்ளம் ஒரே சீராக வரும். கரைசல் சூடாக இருந்தால் வேலை வேகமாக நடக்கும். திருகோணமலை வெயிலில் அதற்கு அடுப்பே வேண்டாம், முற்றத்தில் வைத்தால் போதும். கையுறை கட்டாயம். செம்பு கலந்த பழைய கரைசலை வடிகால் கானில் ஊற்றக்கூடாது. எங்கள் கான் நேரே கடலுக்குத்தான் போகிறது. அதனால் பிளாஸ்டிக் கலனில் மூடி வைத்திருக்கிறேன்.

இந்த வேலையில் தெரிந்த முக்கியமான விஷயம்: கரைசல் கீழ்நோக்கி மட்டும் அரிப்பதில்லை, மைக்கு அடியில் பக்கவாட்டிலும் அரிக்கும். மெல்லிய கோடு ஆழம் கூடக்கூட இரண்டு பக்கமும் தின்னப்பட்டுக் காணாமல் போகும். அதனால் இறகு ஒவ்வொன்றையும் அகலமான மேடாக வைத்து, இடைவெளியைத்தான் ஒடுக்கமாக வரைய வேண்டும். பார்க்ஸின் கழுகைத் திரும்பப் பார்த்தால் இறகுகள் தடித்து, எண்ணிவிடும்படி இருக்கின்றன. அரங்கின் கடைசி வரிசையில் இருப்பவனுக்கும் அது கழுகுதான் என்று தெரிகிறது.

பெரிய கடைப்பக்கம் நகை வேலை செய்யும் பத்தர் ஐயா ஒருவரிடம் பழைய பெல்ட்டுகளின் படங்களையும் காட்டினேன். 1973இல் வந்த, என்.டபிள்யூ.ஏ என்ற இன்னொரு மல்யுத்த அமைப்பின் பெல்ட்டின் நடுவில் பூகோளம் குவிந்து நிற்கும். 'பத்து றாத்தல் தங்கம்' என்று ரசிகர்கள் சொல்வது அதைத்தான். "இது பின்னாலயிருந்து அடிச்சு எழுப்பின மாதிரி இருக்குது தம்பி. நாங்க கோயில் கவசத்துக்கு அரக்கில வச்சு அடிக்கிறம்தானே," என்றார். 1986இல் மல்யுத்த வீரர் ரிக் பிளேர் கட்டத் தொடங்கிய 'பிக் கோல்ட்' படத்தை அவர் கனநேரம் பார்த்தார். அதைச் செய்தவர் நெவாடா மாநிலத்து ரீனோவில் இருந்த வெள்ளி வேலைக்காரர் சார்லஸ் கிரம்ரின். குதிரையேற்றப் போட்டிகளுக்குப் பக்கிள் செய்தவரின் கை என்பது கொடி கொடியாக ஓடும் செதுக்கலிலேயே தெரியும். "இவர் எங்கட ஆள்," என்றார் ஐயா.

என் கருத்தில் பெல்ட்டின் அழகு அந்தப் பழைய பெல்ட்டுகளிலிருந்து இந்தக் கழுகு வரைதான். 2005இல் டபிள்யூ.டபிள்யூ.ஈ வீரர் ஜோன் சீனா கொண்டுவந்தது நடுவில் சின்னம் சுழலும் பெல்ட். 2013 வரை அதுதான் இருந்தது. சின்ன வயதில் எனக்கும் ஆசைதான். ஆனால் அது ஒருவருக்கென்று செய்தது, அடுத்தவர் இடுப்பில் ஒட்டவில்லை. 2014இல் வந்ததில் நிறுவனத்தின் சின்னமே தகடு முழுவதும். நடுவில் பூகோளம் இல்லை, கழுகும் ஒதுங்கிவிட்டது. பக்கத் தகடுகளைச் சாம்பியனுக்கு ஏற்ப மாற்றும் வழக்கம் மட்டும் நல்லது, அதை வரவேற்கிறேன்.

மூலப் பெல்ட்டுக்குத் தங்க முலாம். எனக்குப் பித்தளையே போதும். டச் பே பக்கம் வீடு என்பதால் உப்புக் காற்றில் சிறகு சீக்கிரமே மங்கத் தொடங்கியது. திரும்ப மினுக்கி, அப்பச்சோடாத் தண்ணீரில் கழுவி, நன்றாகக் காயவிட்டுத் தெளிந்த லாக்கர் பூச்சு அடித்தேன். இதுவரை நிறம் மாறவில்லை.

அடுத்தது நடுத்தகடு. கழுகின் தலையை மட்டும் அரிக்காமல் அடித்து எழுப்பித் தரலாம் என்று பத்தர் ஐயா சொல்லியிருக்கிறார். அதற்குத் தகடு மெல்லியதாக வேண்டுமாம். அரிப்பதற்கோ தடித்த தகடுதான் நல்லது. தலையைத் தனியாகச் செய்து பற்றவைப்பது என்று முடிவு. தோல் பட்டி தைக்கச் சப்பாத்துக்கடை அண்ணனிடம் அளவு கொடுத்தாயிற்று.